திரும்பி வந்த பாட்டுகள்

அந்த லேப்டாப்பை மூடிவிடாதீர்கள் சார். ஒரு நிமிஷம் அப்படியே இருக்கட்டும். திரையின் கீழ் மூலையில், மணி காட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில், சின்னதாக ஒரு மேகம் இருக்கிறதே, விருதுநகரில் ஏறியதிலிருந்து நான் அதைத்தான் பார்த்துக்கொண்டு வருகிறேன். நீங்கள் எழுதுவதை வாசிக்கவில்லை, சத்தியமாக. மேகத்தை மட்டும்தான் பார்த்தேன். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் அதில் ஒரு வட்டம் சுற்றியது. எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது.

சிரிக்காதீர்கள். உங்களுக்கு அது அன்றாட வேலை. எனக்கு அந்த மேகம் என்றாலே பயம்.

நான் பேசுகிறவன் இல்லை சார். வீட்டில் ரூபா பேசுவாள், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். எங்கள் கல்யாண வாழ்க்கை முழுவதும் அப்படித்தான் ஓடியது. ரூபா என் மனைவி. ரூபாவதி. பள்ளிக்கூடத்தில் டீச்சர். போன வருஷம் தவறிவிட்டாள். நாளைக்கு அவளுடைய முதல் வருஷ நினைவு ஜெபம், பாளையங்கோட்டையில், அவள் தங்கை வீட்டில். அங்கேதான் போகிறேன். தங்கை பெயர் கிருபா. பஸ் நிலையத்துக்கே வந்து நிற்கிறேன் என்று சொல்லியிருக்கிறாள். அந்தக் கிருபாவைத்தான் நான் சில மாதங்களாக ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன். அவள் கண்டுபிடித்துவிட்டால் ஒரு பாட்டு எனக்கு இல்லாமல் போய்விடும். ஒரே ஒரு பாட்டு. அதற்குத்தான் இவ்வளவு பயம். திருநெல்வேலி வருவதற்குள் யாரிடமாவது சொல்லிவிட வேண்டும்போல இருக்கிறது. நீங்கள் கம்ப்யூட்டர் தெரிந்தவர். கேளுங்கள்.

விருதுநகரில் எனக்கு மோட்டார் வைண்டிங் கடை. யாரிடமும் போய்ப் படித்த தொழில் இல்லை. புகைந்துபோன மோட்டாரைப் பிரித்துப் பார்த்து, பழைய கம்பி எந்தப் பக்கம் எத்தனை சுற்று போயிருக்கிறது என்று பார்த்து, அதே மாதிரி புதுக் கம்பியைச் சுற்றி, தப்பாகச் சுற்றி, மறுபடி சுற்றி, அப்படிக் கற்றுக்கொண்டது. கம்ப்யூட்டரும் அதே மாதிரிதான். ரூபாவின் பள்ளிக்கூட வேலைக்காக வாங்கியது, மேஜைமேல் வைக்கிற பெரிய கம்ப்யூட்டர். அவள் இருந்தவரை நான் அதைத் தூசி துடைத்ததோடு சரி. அவள் போன பிறகு, அவள் கை பட்ட பொருள் எதுவும் ஓடாமல் கிடக்கக் கூடாது என்று தோன்றியது. சும்மாவே மிக்சியைக் கொஞ்ச நேரம் ஓட்டுவேன். தையல் மிஷினில் துணி இல்லாமல் மிதிப்பேன். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. அன்றைக்கு மத்தியானம் கம்ப்யூட்டரைப் போடுவேன்.

போட்டதும் அவள் பெயரோடுதான் வரும். ஒரு வட்டத்துக்குள் அவள் முகம். கடவுச்சொல் எதுவும் கேட்காது. கடைசி நாள் அவள் எழுந்துபோனபோது எப்படி விட்டுப்போனாளோ அப்படியே திறந்துகொள்ளும். நான் அதை ஒன்றும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் வீட்டுக்காரியின் கம்ப்யூட்டர், நான் தொடுகிறேன், இதில் என்ன?

அதில் 'பாட்டு' என்று ஒரு ஃபோல்டர். ரூபா கோயில் பாடகர் குழுவில் இருந்தாள். புதுப் பாட்டு வந்தால் வீட்டில் பாடிப் பதிவு செய்து அதில் போட்டுவைப்பாள். அதில் ஒரு பாட்டில், நடுவில், பாட்டை நிறுத்திவிட்டு அவள் சொல்கிறாள்: "ஏங்க, அந்த ஃபேனை அமத்துங்க. பாட்டுக்குள்ள கரகரங்குது." அதற்கு நான், "வேர்க்குதே" என்கிறேன். "வேர்த்தா வெளிய போய் உக்காருங்க, மோட்டார்காரரே" என்று ஒரு சிரிப்பு. அப்புறம் பாட்டு தொடர்கிறது.

அவள் என்னைக் கூப்பிட்டுப் பேசுகிற குரல் இந்த உலகத்தில் அங்கே மட்டும்தான் இருக்கிறது சார். மற்றதெல்லாம் சாமிக்குப் பாடினது.

பயம் எப்போது ஆரம்பித்தது என்றால், திரையில் ஒரு அறிவிப்பு வந்தது. இடம் போதவில்லை, இப்படியே விட்டால் கோப்புகள் அழிக்கப்படலாம் என்று. அந்தப் பாட்டெல்லாம் இன்டர்நெட்டில், அந்த மேகத்தில்தான் இருக்கிறதாம்; அதில் கூடுதல் இடத்துக்காக ரூபா வருஷாவருஷம் ஏதோ கட்டிவந்திருக்கிறாள். அது நின்றுபோய்விட்டது. நான் கட்டலாம்தான். ஆனால் கட்டப் போனால் பெயர் கேட்பார்கள், போன் நம்பர் கேட்பார்கள். அவள் இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டால்? இறந்துபோனவளுக்கு எதற்கு இடம் என்று மொத்தமாக மூடிவிட்டால்? கட்டவில்லை. ஞாயிறுதோறும் போய்ப் பார்த்தால் அறிவிப்பு முதலில் மஞ்சளாக இருந்தது, பிறகு சிவப்பாகிவிட்டது.

எங்கள் கடைக்கு எதிரே டி.டி.பி. சென்டர் வைத்திருக்கிற அம்மாவிடம் பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டேன். "ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கி அதில காப்பி பண்ணி வச்சுக்கோங்க அண்ணாச்சி, கண்ணை மூடிட்டுச் செய்யலாம்" என்றார்கள். ஹார்ட் டிஸ்க் வாங்கினேன். ஆனால் காப்பி பண்ணவில்லை.

ஏனா? காப்பி என்றால் நகல்தானே சார். ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுக்கிற மாதிரி. அசலை அந்த மேகத்திலேயே விட்டுவிட்டு நகலை நான் வைத்துக்கொள்வதா? எனக்கு அசல்தான் வேண்டும். எங்கள் தொழிலில் பழைய காயிலை உருவி எடுக்காமல் புதுக் காயிலை இறக்க முடியாது. ஒரு பொருள் ஒரு இடத்தில்தான் இருக்கும். அதனால் 'கட்' கொடுத்தேன். ஹார்ட் டிஸ்க்கில் கொண்டுபோய் 'பேஸ்ட்' கொடுத்தேன். பச்சைக் கோடு மெல்ல ஓடியது. ஃபோல்டர் காலி. ஹார்ட் டிஸ்க்கைப் பிடுங்கி, ரூபாவின் பட்டுப்புடவை மடிப்புக்குள் வைத்து பீரோவைப் பூட்டினேன். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

அடுத்த ஞாயிறு கம்ப்யூட்டரைப் போட்டால், பாட்டுகள் அத்தனையும் ஃபோல்டரில் இருந்தன.

உங்களுக்கு இது ஒன்றுமில்லை, முகத்திலேயே தெரிகிறது. என்னை யோசித்துப் பாருங்கள். தனி வீடு. நட்ட நடு மத்தியானம். பீரோவைத் திறந்து பார்த்தேன், ஹார்ட் டிஸ்க் புடவைக்குள் வைத்தபடியே இருந்தது. ஜன்னல் கொக்கிகளைப் பார்த்தேன். யாரும் வந்த அடையாளம் இல்லை. நான்தான் ஏதோ தப்பாகச் செய்திருப்பேன் என்று மறுபடி கட் செய்து மறுபடி கொண்டுபோய் வைத்தேன். 'ஏற்கெனவே இருக்கிறது, மாற்றவா' என்று கேட்டது. மாற்று என்றேன். இந்தத் தடவை கம்ப்யூட்டரிலிருந்து இன்டர்நெட் வயரையும் உருவிவிட்டேன். கரண்டு பிளக்கையும் உருவினேன். மேலே ஒரு பெட்ஷீட்டைப் போட்டு மூடினேன்.

அதற்கடுத்த ஞாயிறு வயரைச் சொருகி முன்னால் உட்கார்ந்தேன். ஃபோல்டர் காலியாக இருந்தது. அப்பாடா என்று மூச்சுவிட்டேன். அப்போதுதான் மேகத்தில் அந்த வட்டம் சுற்ற ஆரம்பித்தது. என் கண் எதிரிலேயே, நான் மவுஸைத் தொடாமலேயே, ஒரு பாட்டு வந்து உட்கார்ந்தது. பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன் சார். சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். ஆவி, பேய் என்றெல்லாம் நம்புகிற குடும்பம் இல்லை. ஆனாலும் வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். "ரூபா, உனக்கு என்ன வேணும்?" பெட்டிக்குள் இருக்கிற சின்ன ஃபேன் உறுமிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். என்ன கோபமாக இருக்கும் என்று யோசித்தேன். தையல் மிஷின் ஊசியை உடைத்துவிட்டேன், அதற்காகவா? கோயிலுக்குப் போவதை விட்டுவிட்டேன், அதற்காகவா?

நீங்கள் ஏதோ சொல்ல வருகிறீர்கள். இருங்கள், சொல்லி முடித்துவிடுகிறேன். இது சாத்தூர்தானே? நேரம் இருக்கிறது.

இன்னொரு தடவை முயற்சி செய்தேன். இந்த முறை அந்த ஒரு பாட்டை மட்டும், ஃபேன் பாட்டை மட்டும். கட் கொடுத்து, பேஸ்ட் கொடுத்து, பழையதை 'மாற்று' என்று சொல்லி, பச்சைக் கோடு பாதி வழியில் இருக்கும்போது கரண்டு போய்விட்டது. வந்த பிறகு ஹார்ட் டிஸ்க்கில் அந்தப் பாட்டைத் திறந்தால் திறக்கவில்லை. 'கோப்பு சேதமடைந்துள்ளது.' ஃபோல்டரைப் பார்த்தால் அங்கேயும் இல்லை. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழவில்லை. என் கையாலேயே அவள் வாயை மூடிவிட்டேன் என்று நினைத்தேன்.

அந்த வாரம் கடைக்கே போகவில்லை. அடுத்த ஞாயிறு பயந்துகொண்டேதான் கம்ப்யூட்டரைப் போட்டேன். பாட்டு திரும்பி வந்திருந்தது. முழுதாக. ஃபேன், வேர்க்குது, மோட்டார்காரரே, சிரிப்பு, எல்லாம். இதுவரை எது என்னைப் பயமுறுத்தியதோ அதுதான் அதைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது. அன்றைக்கு முடிவு செய்தேன், இனி எதையும் தொடுவதில்லை. போய் உட்கார்ந்து கேட்பது, எழுந்துவிடுவது. அவ்வளவுதான்.

கேட்டு முடித்துவிட்டு எழப் போகும்போது பார்த்தேன். பாட்டுகளுக்கு மேலே புதிதாக ஒரு கோப்பு. பாட்டு இல்லை, எழுத்து. அதன் பெயர் 'அக்கா நீயா'.

திறக்காமல் வெளியே போய் இரண்டு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு வந்து திறந்தேன். ஒரே வரி. "அக்கா, நீதான் பாட்டை எல்லாம் எடுக்கியா? ஏன் எடுக்க? எம்மேல கோவமா?"

ரூபாவை அக்கா என்று கூப்பிட ஒரே ஒரு ஆள்தான் உண்டு. கிருபா. அவளும் அவள் கோயிலில் பாடுகிறவள். ரூபா பாடிப் போட்டால் அவள் பாளையங்கோட்டையில் கேட்டுப் படித்துக்கொள்வாள். அந்த ஃபோல்டர் இரண்டு பேருக்கும் பொது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் இங்கே வெட்டி எடுத்தால் அங்கே அவளுடைய ஃபோல்டரிலும் காணாமல் போயிருக்கிறது. 'ரூபாவதி நீக்கினார்' என்று அவள் போனில் வந்திருக்கிறது. செத்துப்போன அக்காவின் முகத்தோடு, ஞாயிறு மத்தியானம், அக்கா வழக்கமாகப் பாட்டு ஏற்றுகிற அதே நேரத்தில். அவள் பயந்துபோய் எல்லாவற்றையும் மீட்டு மீட்டுப் போட்டிருக்கிறாள். அது இங்கே வந்து என்னைப் பயமுறுத்தியிருக்கிறது.

ஆள் யாரென்று தெரிந்ததும் பயம் போயிருக்க வேண்டும் இல்லையா? போகவில்லை, கூடிவிட்டது. ஏனென்றால் அது கிருபா.

கிருபா நர்ஸ். ஆபரேஷன் தியேட்டரில் வேலை. ரூபாவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தபோது கிருபாவின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயம் ஆகியிருந்தது. "கல்யாணம் முடியட்டும், அதுவரைக்கும் கிருபாகிட்ட மூச்சு விடக் கூடாது" என்று ரூபா சொன்னாள். நான் விடவில்லை. டாக்டர் மதுரைக்குப் போகச் சொன்னார். "கல்யாணம் முடிஞ்சு போவோம்" என்றாள். சரி என்றேன். கல்யாணத்துக்கு வந்து, பாடி, நாற்காலியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டு போட்டோவுக்கெல்லாம் நின்றாள். அப்புறம் மதுரைக்குப் போனோம். அங்கே ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்கள். கல்லறைத் தோட்டத்தில், ஐயர், அதாவது எங்கள் பாதிரியார், ஜெபம் முடிப்பதற்குள், ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி கிருபா சொன்னாள்: "நான் ஒரு நர்ஸு. எங்கிட்ட மறைச்சு வச்சே எங்க அக்காவைக் கொன்னுட்டீங்களே அத்தான்."

பெண்டாட்டி சொன்னதைக் கேட்டது ஒரு குற்றமா சார்? நான் என்ன என் இஷ்டத்துக்கா மறைத்தேன்? அதற்கப்புறம் ஒரு வருஷம் அவள் என்னோடு பேசவே இல்லை. எப்பேர்ப்பட்ட பிடிவாதம் பாருங்கள். போன் வந்தது, வராமல் இல்லை. அடிக்கடி வந்தது. நான் எடுக்கவில்லை. எதற்குக் கூப்பிடுவாள், திட்டத்தானே?

டி.டி.பி. அம்மாவிடம் போய் மறுபடி பொதுவாகக் கேட்டேன். இப்படிப் பொதுவான ஃபோல்டர் யாருக்குச் சொந்தம் என்று. "யாரு முதல்ல உண்டாக்கினாங்களோ அவங்களுக்கு. அவங்க நினைச்சா ஒரே தட்டுல மத்தவங்களை வெளியே தள்ளிடலாம் அண்ணாச்சி" என்றார்கள். உண்டாக்கினது கிருபாதான், ரூபா சொல்லியிருக்கிறாள். என்றால், உள்ளே இருப்பது நான்தான் என்று தெரிந்த நிமிஷமே அவள் தள்ளிவிடுவாள். ஃபேன் பாட்டு அதோடு போச்சு. இப்போதாவது ஒரு காப்பி எடுத்திருக்கலாமே என்கிறீர்கள். தொட்டால் உடைந்துவிடுமோ என்று கை வரவில்லை சார். ஒரு தடவை உடைத்தவன் நான்.

அதனால் பதில் எழுதினேன். இரண்டு விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடி. "கோபம் இல்லை."

பொய் இல்லையே? ரூபாவுக்குக் கிருபாமேல் கோபம் உண்டா? கிடையாது. எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததைத்தான் எழுதினேன்.

அடுத்த ஞாயிறு கீழே ஒரு வரி கூடியிருந்தது. "அக்கா, அத்தான் எப்படி இருக்காங்க?" நான் எழுதினேன்: "இருக்கிறார்." அடுத்த வாரம்: "வீட்டுல யாரு சமைக்கா?" "ஹோட்டல்." "சுகர் மாத்திரை ஒழுங்காப் போடுதாங்களா?" "சில நாள் மறந்துவிடுகிறார்." "மறக்கக் கூடாதுன்னு சொல்லு அக்கா. காலையில போடுறத டம்ளர் பக்கத்துலயே வைக்கச் சொல்லு. அந்த ஹோட்டல் எண்ணெயும் வேண்டாம்னு சொல்லு."

பாருங்கள் சார், செத்துப்போன அக்காவிடம் கேட்கிற கேள்வியா இது? நர்ஸ் புத்தி. அந்த உலகத்துக்கே கடிதம் எழுதினாலும் மாத்திரையைத்தான் விசாரிப்பாள்போல.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

சரி, சொல்கிறேன். மாத்திரையை டம்ளர் பக்கத்தில்தான் வைக்கிறேன் இப்போது. நல்ல யோசனைதான். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் என்ன கேட்டிருப்பாளோ என்று பயம். திறப்பதற்கு முன்னால் ஜெபம் பண்ணுவேன். ஏமாற்றுவதற்கு ஜெபம் பண்ணுகிறவனைப் பார்த்திருக்கிறீர்களா? அப்புறம் ஒரு ஞாயிறு அந்தக் கேள்வி வந்தது. "ஏன் எங்கிட்ட சொல்லல?"

அவ்வளவுதான். அக்கா என்றுகூட இல்லை. "ஏன் எங்கிட்ட சொல்லல?"

ஒரு வருஷமாக எனக்கு வாய்ப்புக் கிடைக்காத இடம் சார் அது. நான் சொன்னால் யார் நம்புவார்கள்? ரூபாவே சொன்னால்? அன்றைக்கு யோசிக்கவில்லை. எழுதினேன்: "நான்தான் சொல்ல வேண்டாம் என்றேன். உன் மகள் கல்யாணம் நல்லபடியாக நடக்க வேண்டும் என்று. அவர்மேல் தப்பு இல்லை. அவர் பாவம்."

கடைசி இரண்டு வார்த்தை கொஞ்சம் அதிகம்தான். எழுதிவிட்டேன்.

இரண்டு ஞாயிறு பதில் இல்லை. நான் செத்துப் பிழைத்தேன். மூன்றாவது ஞாயிறு வந்தது: "சரி. அத்தான் பாவம்தான்." அன்றைக்குச் சாயங்காலமே போன். எடுத்தேன், முதல் தடவையாக. "அத்தான், அக்கா நினைவு நாளை எங்க வீட்டுலதான் வைக்கோம். நீங்க வரணும். நான் அன்னைக்குக் கல்லறையில அப்படிப் பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க" என்றாள். ரூபா சொன்னதும் நம்பிவிட்டாள் பாருங்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதோடு விட்டிருந்தால் நான் ஏன் இப்படி வேர்த்துக்கொண்டு வருகிறேன்? போனை வைப்பதற்கு முன்னால் சொன்னாள்: "ஜெபத்துல நான் எழுந்து சாட்சி சொல்லப் போறேன் அத்தான்."

சாட்சி என்றால் உங்களுக்குத் தெரியுமா? எங்கள் ஆட்கள் கூடி ஜெபிக்கும்போது, கர்த்தர் தனக்குச் செய்ததை ஒருவர் எழுந்து நின்று எல்லாருக்கும் சொல்வது. இவள் எழுந்து என்ன சொல்வாள்? என் அக்கா கம்ப்யூட்டரில் வந்து பேசினாள் என்று. ஐயர் இருப்பார். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் இருப்பார்கள். அதில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒருவன் போதும், அது எந்த வீட்டு கம்ப்யூட்டர் என்று கேட்க. எல்லாரும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். நான் மாட்டிக்கொள்வதுகூடப் பரவாயில்லை. அவ்வளவு பேர் முன்னால் அவள் முட்டாளாக நிற்பாள். அதற்கப்புறம் அந்த ஃபோல்டரில் என்னை விட்டுவைப்பாளா?

சொல்லுங்கள் சார். இப்போது சொல்லுங்கள், நீங்கள் சாத்தூரிலிருந்து எதையோ அடக்கிக்கொண்டு வருகிறீர்கள்.

கிருபாவுக்கே தெரிந்திருக்குமா? என்ன தெரிந்திருக்கும்?

இல்லை, இல்லை. எப்படித் தெரியும்? எல்லாம் ரூபா பெயரில்தானே போகிறது. அவள் முகம்தானே தெரிகிறது. நான் ஒரு இடத்தில்கூட...

ஆபரேஷன் தியேட்டரில் நிற்கிறவள்தான். ஆமாம். பேயை நம்புகிறவள் இல்லைதான்.

கொஞ்சம் இருங்கள் சார். என்னை யோசிக்க விடுங்கள்.

நீங்கள் சொல்வதுபோல அவளுக்குத் தெரிந்தேதான் எழுதினாள் என்றால், மாத்திரை, எண்ணெய், டம்ளர், அதெல்லாம் எனக்கு. சரி. அது போகட்டும். அப்படியானால் ஏன் எங்கிட்ட சொல்லல என்று அவள் கேட்டது யாரிடம்? அக்கா என்று போடாமல் கேட்டாளே. அது என்னிடமா? என்னிடம் கேட்ட கேள்விக்கு நான் ரூபாவின் முகத்தை வைத்துக்கொண்டு, எல்லாம் அவள்தான், அவர் பாவம் என்று எழுதினேனா? அதை வாசித்துவிட்டா அவள் 'சரி' என்று போட்டாள்? அப்படியானால் அவள் நம்பவில்லை சார். விட்டுக்கொடுத்திருக்கிறாள். அந்த இரண்டு ஞாயிறு அதற்குத்தான் ஆகியிருக்கிறது.

நான் கோவில்பட்டியில் இறங்கி விருதுநகருக்குத் திரும்பப் போய்விடட்டுமா? தாண்டிவிட்டோமா?

போன் அடிக்கிறது. அவள்தான். பாருங்கள், அவளேதான். எடுக்காமல் விட்டால்...

ஹலோ. ஆமா, கிருபா. கயத்தாறு வரப்போகுது. ம். ம், சாப்பிட்டேன். போட்டேன். கிருபா, அந்தச் சாட்சி விஷயம், அந்தக் கம்ப்யூட்டர்ல... ம்? ... ம். ... எப்ப இருந்து? ... ம். ... இல்ல, அழல. பஸ் சத்தம். ... நாளைக்கா? ... நாளைக்கேவா? ... சரி. சரி, கிருபா.

தண்ணீர் இருக்கிறதா சார்? ஒரு வாய். நன்றி.

நீங்கள் சொன்னதுதான். சாட்சியில் கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றும் சொல்லப் போவதில்லையாம். "எனக்கென்ன கிறுக்கா அத்தான்?" என்கிறாள். முதல் வாரம் நிஜமாகவே பயந்தாளாம். போனைக் கீழே போட்டுவிட்டாளாம். அக்காவா என்று கேட்டு எழுதியது நிஜமாகவே அக்காவிடம்தானாம். அப்புறம் 'ஹோட்டல்' என்று பதில் வந்ததாம். "எங்க அக்கா உயிரோட இருந்தப்பவே ஹோட்டல் வாசப்படி மிதிக்காதவ. செத்தப்புறம் போய்ச் சாப்பிடுவாளா? அன்னைக்குத்தான் சிரிச்சேன், அவ போனதுக்கப்புறம் மொத தடவை" என்கிறாள். தெரிந்தும் ஏன் அக்கா அக்கா என்று எழுதினாய் என்று கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவளே சொல்லிவிட்டாள். "வேற எப்படி உங்ககிட்டப் பேச? போன் போட்டா எடுத்தீங்களா? அக்காவா இருந்தாவது பதில் சொல்லட்டும்னு விட்டேன்."

நாளைக்கு ஜெபம் முடிந்ததும் அக்காவின் பெயரை அந்த ஃபோல்டரிலிருந்து எடுத்துவிடப் போகிறாளாம். "எடுத்தாத்தான் அவ போயிட்டாங்கிறது எனக்கு மனசுல பதியும் அத்தான்" என்றாள். என்னால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. பாட்டு எங்கேயும் போகாதாம். ஆனால் அதைக் கேட்க வேண்டுமென்றால் நான் என் பெயரில் உள்ளே வர வேண்டுமாம். என் போனுக்கு ஒரு அழைப்பு அனுப்பியிருக்கிறாளாம். "அந்தக் கேள்வியை அழிக்கல, அப்படியேதான் இருக்கு. இப்பவே சொல்லணும்னு இல்ல. ஆனா இனிமே அக்கா சொல்ல வேண்டாம், நீங்க சொல்லுங்க." அவ்வளவுதான் பேசினாள். திட்டவே இல்லை சார். திட்டியிருக்கலாம்.

இதோ வந்திருக்கிறது. கொஞ்சம் பிடியுங்கள், பைக்குள்ளிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்கிறேன். 'கிருபாவதி உங்களைப் "பாட்டு" ஃபோல்டருக்கு அழைக்கிறார்.' கீழே இரண்டு கட்டம். ஒன்று 'ஏற்கிறேன்'. ஒன்று 'வேண்டாம்'. 'யேசுவடியான்' என்று என் பெயரே போட்டிருக்கிறது. கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட ஒன்றில் என் பெயரை இப்போதுதான் முதலில் பார்க்கிறேன்.

இல்லை சார், நீங்கள் தட்ட வேண்டாம். கொடுங்கள். நானே பார்த்துக்கொள்கிறேன்.

பேயென்று நினைத்துச் சுவரோடு நின்ற அன்றைக்குக்கூட இப்படி இல்லை. அன்றைக்கு ரூபா வந்து எதையாவது கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவள் என்ன கேட்டாலும் சரி என்று சொல்லித்தான் எனக்குப் பழக்கம். இவள் அப்படி இல்லை. இவளிடம் சரி என்றால் போதாது. ஏன் என்று சொல்ல வேண்டும். ஏன் என்பதற்கு ரூபா சொன்னாள் என்பதைத் தவிர என்னிடம் இன்னொரு பதில் இருக்கிறதா என்று நான் தேடிப் பார்த்ததே இல்லை. இருக்கும்போலத்தான் தோன்றுகிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

கங்கைகொண்டானும் போய்விட்டது. நீங்களும் கடைசி வரைக்கும்தானே? நல்லது. சும்மா உட்கார்ந்திருங்கள், நான் இனிப் பேசமாட்டேன்.

...

அதோ நிற்கிறாள் சார். மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில், நீலச் சேலை, கையில் போன். ஒவ்வொரு பஸ் ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நம்மை இன்னும் பார்க்கவில்லை. மெலிந்துபோய்விட்டாள்.

தட்டிவிட்டேன். ஆமாம், இப்போதுதான். ஏற்கிறேன் என்பதைத்தான். இங்கே வட்டம் சுற்றுகிறது, பாருங்கள். முடிந்துவிட்டது.

அவள் போனில் வந்துவிட்டதுபோல. குனிந்து பார்க்கிறாள். பார்த்துக்கொண்டே நிற்கிறாள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைக்கிறாள். இப்போது நிமிர்ந்து இந்தப் பஸ்ஸைத்தான் பார்க்கிறாள்.

சார், கொஞ்சம் காலை மடக்கிக்கொள்ளுங்கள். நான் இறங்க வேண்டும்.